காய்ச்சாத பால்

ஜூலை 10, வியாழன்

என் பாலில் கிருமி இருக்கிறதாம்.

காலையில் டாக்டர் தேன்மொழி கூப்பிட்டுச் சொன்னார். பரிசோதனைக்கு அனுப்பிய பாலில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா மண்டிக் கிடக்கிறது என்றார். பெயரைத் தாளில் எழுதிக் காட்டச் சொன்னேன். பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் எழுத்துப்பிழை பார்க்கிறவள் நான். எந்த வார்த்தையையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன். எழுதிக் காட்டினார். பார்த்த பிறகும் நம்ப முடியவில்லை.

"நிறைமாசப் பிள்ளைன்னா இது ஒண்ணும் செய்யாதும்மா. உன் பிள்ளை ஏழாம் மாசத்துல பிறந்தவ. ஒரு கிலோகூட இல்ல. குடல் இன்னும் முதிரல. அதான் தேரோட்டத்தன்னைக்கு வயிறு உப்பிருச்சு. இப்போதைக்குப் பாலை நிறுத்தியிருக்கோம், டிரிப் மட்டும்தான்."

"அப்ப நான் பால் எடுக்க வேண்டாமா டாக்டர்?"

"எடுக்கணும். எடுக்கலைன்னா வத்திரும். எடுத்து ஊத்திரு."

எதில் ஊற்ற வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. மதியம் சிஸ்டர் ஜெபராணி பாட்டிலை வாங்கிக் கை கழுவும் தொட்டியில் ஊற்றினார். பார்த்துக்கொண்டே நின்றேன். வெள்ளையாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் அறை எடுத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் நயினார் ஏ.சி. மெக்கானிக். காலையில் ஆறு மணிக்கே மாடியேறிப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, பால் எடுக்கும் மெஷினைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார். சாயங்காலம் வந்ததும் மறுபடியும் கழுவுகிறார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சொன்னேன். "உன் பால்லயா?" என்றார். பிறகு மெஷினை இன்னொரு தடவை கழுவினார்.

இரண்டாம் மாடிக்குப் போகும் படியருகே "கைகளை சுத்தமாக கழுவவும்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். இரண்டு ஒற்று இல்லை. அதற்கு மேல் ஏறவில்லை. தையல் இழுக்கிறது.


ஜூலை 11, வெள்ளி

பால் எடுத்தேன். ஊற்றினார்கள். அவர் சட்டைகளைத் துவைத்தேன். மழை வரும் போலிருந்தது, வரவில்லை.


ஜூலை 12, சனி

அத்தை, நயினாரின் அம்மா, போனில் பேசினார். பேசியதை எழுதப் போவதில்லை.

லாட்ஜில் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்கவில்லை. பக்கத்துக் கடையில் இட்லி நன்றாக இருந்தது. அச்சகத்திலிருந்து முதலாளி ஒரு காதுகுத்துப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிழை பார்க்க முடியுமா என்று கேட்டார். தாய்மாமன் பெயரில் பிழை இருந்தது. திருத்தி அனுப்பினேன். மாலை வரை தலைவலி.

அத்தை சொன்னது இதுதான்: "ஏளா சத்தி, தாய்ப்பாலு விஷமா மாறுமாங்கேன்? எங்க வீட்டுல இப்படிக் கேள்விப்பட்டதே இல்ல. ரெண்டுல ஒண்ணைத்தான் மண்ணுக்குக் குடுத்தாச்சு. மத்ததையாவது பாத்துக்கிடு."

எழுதிவிட்டேன். இரட்டை. ஆணும் பெண்ணும். அவன் நான்காம் நாள் போய்விட்டான். துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். மூக்கு நயினார் மூக்கு.

அவனும் என் பாலைக் குடித்தான். குடித்தான் என்று சொல்லக் கூடாது. குழாய் வழியாகச் சில சொட்டு விட்டார்கள்.


ஜூலை 14, திங்கள்

ஒன்றும் புரியவில்லை. புரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

டாக்டர் தன் அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அங்கே முக்காடு போட்ட ஒரு பெண் மடியில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பெயர் பல்கீஸ். ஊருக்கு வெளியே இருக்கும் உணவுத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். ஊர் மேலப்பாளையம். என்னைவிட இளையவள்.

பால் வங்கியில் மற்ற தாய்மார் கொடுத்த பால் கொஞ்சம்தான் இருக்கிறதாம், அது ஐந்தாறு பிள்ளைகளுக்குப் பங்கு. என் பாலைக் காய்ச்சிக் கொடுத்தால் என்ன என்று நயினார் கேட்டார்.

"காய்ச்சலாம்," என்றார் டாக்டர். "கிருமி செத்துரும். ஆனா பிள்ளையை நோயிலேர்ந்து காப்பாத்துற பொருள்கள் தாய்ப்பால்ல இருக்கு, அதுலயும் நிறைய சூட்டுல அழிஞ்சிரும். இவளுக்கு அதுதான் முக்கியமா வேணும். அதான் பல்கீஸ்கிட்ட கேட்டேன். இவங்க சூடே இல்லாம கிருமியைக் கொல்லுறாங்க. இதை ஒரு ஆய்வாத்தான் செய்யுறோம். ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழு அனுமதி குடுத்தாச்சு. நீங்க சம்மதிச்சாத்தான் உண்டு."

சூடில்லாமல் எப்படி என்று கேட்டேன்.

"அமுக்குவோம்க்கா," என்றாள் பல்கீஸ்.

"எதை?"

"பாலைத்தான். ஒரு பைக்குள்ள ஊத்தி, காத்து இல்லாம ஒட்டிருவோம். பைய எஃகு உருளைக்குள்ள தண்ணியில போட்டு, மூடியப் பூட்டிட்டு, தண்ணிய அமுக்குவோம். கடல்ல ரொம்ப ஆழமான எடம் இருக்குல்லா, அங்கன உள்ளதப்போல மூணு நாலு மடங்கு. கிருமிக்கு மேல ஒரு மெல்லிசு உறை உண்டு. அது அந்த அமுக்கத்தத் தாங்காது. பிஞ்சிரும்."

"பை வெடிச்சிராதா?"

"ஒரு பக்கமா அமுக்குனாத்தான நசுங்கும்? தண்ணி எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல அமுக்கும். திராட்சைப் பழத்த உள்ள வச்சாக்கூட முழுசா வெளிய வரும்."

நயினார் தலையாட்டினார். எனக்கு அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. சேர்த்துப் பார்த்தால் புரியவில்லை. திராட்சை முழுசாக வருமாம், கிருமி மட்டும் பிய்ந்துவிடுமாம்.

"எல்லாக் கிருமியும் செத்துருமா?" என்று கேட்டேன்.

பல்கீஸ் டாக்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "இல்லக்கா. சிலது விதை மாதிரி ஓடு கட்டிக்கிட்டுத் தூங்கும். அது தாங்கிரும். உங்க பால்ல இருக்கது அந்தச் சாதி இல்ல, இது செத்துரும். இருந்தாலும் ஒவ்வொரு பையையும் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன்."

அந்த மெஷின் நெல்லிக்காய்ச் சாற்றுக்காக வாங்கியதாம்.

கையெழுத்துப் போட்டோம். நயினார் ஒவ்வொரு தாளையும் படித்துவிட்டுப் போட்டார். நான் ஒரு தாளையும் படிக்கவில்லை. அது ஏன் என்றும் தெரியவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். இப்போது காய்ச்சினால் சத்து போய்விடும் என்கிறார்கள். தாய்ப்பாலைப்போல் மருந்து இல்லை என்று வார்டு முழுக்க எழுதி ஒட்டியிருக்கிறார்கள். என் பாலைக் கடலடிக்கு அனுப்புகிறார்கள். ஒன்றைப் படித்தால் இன்னொன்று பிழையாகத் தெரிகிறது.

நயினாருக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது. தோசை கட்டிவந்த தாளில் உருளை வரைந்து, வால்வு வரைந்து விளக்கினார். "நம்ம கம்ப்ரசர் மாதிரிதான் சத்தி. பிரஷர் சும்மா இல்ல பாத்துக்க. ஒரு சின்ன வாசர் சரியில்லன்னாகூட முடிஞ்சு போச்சு." பிறந்ததிலிருந்து அவர் இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து என்று எழுத வந்தேன்.

பேசிக்கொண்டே பால் எடுக்கும் மெஷினைப் பிரித்துப் போட்டுக் கழுவினார். மெல்லிய குழாய்க்குள்ளும் வாய் வைத்துத் தண்ணீரை ஊதினார். "ஒரு தூசி இருக்கக் கூடாது," என்றார்.


ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. அமுக்கிய பாலைக் கொடுத்தார்கள்.

எவ்வளவு என்றால், ஊசியின் அடியில் ஒரு கோடு. சிஸ்டர் ஜெபராணி கீழே இறங்கி வந்து சொன்னார். "உள்ள போயிருச்சும்மா. வயித்தத் தடவிப் பாத்துக்கிட்டே இருக்கேன், மெத்துன்னு இருக்கு. நீ வந்து பாரேன்."

வரேன் சிஸ்டர் என்றேன். பாட்டில்களைக் கழுவ வேண்டியிருந்தது. கழுவி முடித்தபோது பார்வை நேரம் முடிந்திருந்தது.

சாயங்காலம் சிஸ்டர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை சிரிப்பில்லை. "தாயி, நான் தப்பா நினைக்கலை. நீ அவளப் பெத்த அன்னைக்கு ஸ்ட்ரெச்சர்ல வச்சுப் பாத்ததோட சரி. அவுக அப்பா தெனமும் வாராக. நீ ஒரு நாள்கூட வரலியே?"

தையல் என்று சொன்னேன்.

"தையல் பிரிச்சாச்சே," என்றார்.


ஜூலை 18, வெள்ளி

வயிறு உப்பவில்லை. இன்னும் ஒரு கோடு கூட்டியிருக்கிறார்கள்.


ஜூலை 20, ஞாயிறு

படியேறினேன். இரண்டாம் மாடியில் கை கழுவும் இடம் வரை போனேன். முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். விரலிடுக்கில் தேய்த்தேன். நகக்கண்ணில் தேய்த்தேன். கழுவிவிட்டு மறுபடியும் சோப்புப் போட்டேன். எனக்குப் பின்னால் ஒரு அம்மா காத்திருந்தாள். "முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டாள். நீங்க போங்க என்று வழி விட்டேன்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பெட்டிகள் தெரிந்தன. எது அவள் பெட்டி என்று தெரியவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்கள். குளிராக இருந்தது, இறங்கிவிட்டேன்.

மதியம் பல்கீஸ் போன் செய்தாள். மெஷின் நின்றுவிட்டதாம். மூடியில் இருக்கும் வளையம் தேய்ந்துபோனது, புது வளையம் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறதாம். நாளைக்குச் சரியாகிவிடும், இன்றைக்குப் பால் வங்கிப் பாலைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்றாள்.

"நானும் வந்து பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"மெஷினையா?"

"ஆமா."

"ஐஸ் பெட்டி எடுக்க வண்டி வரும்லக்கா, அதுலயே வந்திருங்க," என்றாள்.

மகளைப் பார்க்கப் படியேற முடியாதவள் மெஷினைப் பார்க்க வண்டியேறப் போகிறேன். இதை அவரிடம் சொல்லவில்லை.


ஜூலை 21, திங்கள்

நிறைய எழுத வேண்டும். வரிசையாக வருமா தெரியவில்லை.

நான் நினைத்ததுபோல் பெரிய மெஷின் இல்லை. ஒரு பீரோ அளவுதான். சத்தமும் இல்லை. பல்கீஸ் என் பால் இருந்த பையைக் கூடையில் வைத்து உருளைக்குள் இறக்கினாள், மூடியைப் பூட்டினாள். அழுத்தம் காட்டும் முள் ஏறியது. ஏறி ஓரிடத்தில் நின்றது. நாங்கள் இருவரும் சும்மா நின்றோம். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே ஒன்றும் தெரியவில்லை. பிறகு முள் சட்டென்று விழுந்தது. பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். சில்லென்று இருந்தது. போனது போலவே வந்திருந்தது. ஒரு மடிப்புக்கூட இல்லை.

"செத்துருச்சா?" என்றேன்.

"நாளைக்குத்தான் தெரியும். போன வாரத்துப் பாலக் காட்டுறேன் வாங்க."

இரண்டு கண்ணாடித் தட்டுகளை எடுத்து வைத்தாள். ஒன்று, அமுக்குவதற்கு முன்னால் எடுத்த பாலைத் தடவியது. ஜவ்வரிசியை வேகவைத்துக் கொட்டியதுபோல் வழவழவென்று தட்டு நிறைய இருந்தது. இன்னொன்று அமுக்கிய பிறகு தடவியது. வெறுமையாக இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை.

நான் முதல் தட்டையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். "இது எங்கிட்டருந்து வந்ததா?" என்று கேட்டேன்.

பல்கீஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். "அதச் சொல்லத்தான் போன் பண்ணணும்னு இருந்தேன். முந்தாநாள் சிஸ்டர் உங்ககிட்ட கையாலயே பீச்சிக் கொஞ்சம் எடுத்தாங்கள்ல? அதச் சோதிச்சேன். சுத்தமா இருக்கு. உங்க தோல்ல துடைச்சு எடுத்த பஞ்சுலயும் இல்ல. அப்புறம் பால் எடுக்குற மெஷினோட பாகங்களத் துடைச்ச பஞ்சப் பாத்தேன். குழாய்லதான் இருக்கு. உள்ள ஈரம். ஈரத்துலயே இருந்து பெருகிருக்கு."

"குழாயத் தெனமும் கழுவுதோமே."

"அதான்க்கா. குழாயக் கழுவவே கூடாது. அதுல பால் போகாது, காத்து மட்டும்தான் போகும். தண்ணி விட்டா உள்ள காயவே காயாது. காத்து போய் வரும்போது அதுல இருக்கது பால்ல எறங்கும். யாரு கழுவுறது?"

"நான்தான்," என்றேன்.

"தெரியாமச் செஞ்சதுதான. புதுக் குழாய் மாத்திருவோம்."

வண்டியில் வரும்போது ஓட்டுநர் ஏதோ கேட்டார், என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. என்னிடமிருந்து வரவில்லை என்றால் எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இத்தனை நாளாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு வருவதுபோல் இருந்தது. என்னிடமிருந்து எடுத்தால் யாரிடம் வைப்பது?

சாயங்காலம் அவர் வந்து பை நிறைய மாதுளை வைத்தார். பால் எடுக்கும் மெஷினைக் கேட்டார். ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், இனிமேல் அங்கேயே சுத்தம் செய்துவிடுவார்கள் என்று சொன்னேன். "நாமளே செஞ்சா நல்லாருக்கும்," என்றார்.


ஜூலை 22, செவ்வாய்

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தவரை நிறுத்திக் கேட்டேன்.

"அவனுக்குக் குடுத்த பால், அந்தக் குழாய் வழியா வந்ததா டாக்டர்?"

அவன் என்று சொன்னதும் புரிந்துகொண்டார். என்னை நகர்த்தி ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார்.

"மெஷின் என்னைக்கு வாடகைக்கு எடுத்தீங்க?"

யோசித்தேன். முதல் இரண்டு நாள் சிஸ்டர் கையால் பீய்ச்சிக் கரண்டியில் எடுத்தார், அது நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் மெஷின் வந்ததா, அவன் போன பிறகு வந்ததா? நீலநிறப் பையில் வந்தது. நயினார் கொண்டுவந்தார். நான் அழுதுகொண்டிருந்தேனா? நான் அந்த வாரம் முழுவதும் அழுதுகொண்டிருந்தேன். அதை வைத்து நாள் சொல்ல முடியாது.

"தெரியல டாக்டர்."

"சரி, கேளு. அவனுக்கு நுரையீரல் விரியல. பிறந்ததுலேர்ந்து மெஷின்லதான் மூச்சு. கடைசியா எடுத்த ரத்தத்துல கிருமி வளரல. என் அறிவுக்கு எட்டினவரை பாலால இல்ல."

"உறுதியாச் சொல்லுங்க."

"சொல்லிட்டேனேம்மா. சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன். எந்தச் சாவுக்கும் நான் பண்ணினதில்ல."

என் தோளில் கை வைத்திருந்தார். அவரைக் கூப்பிட்டு ஆள் வந்தது, போய்விட்டார்.

இல்லை என்றாரா, தெரியாது என்றாரா? இரண்டு மணி நேரம் யோசித்துப் பார்த்தேன். வார்த்தைகளை எழுதியும் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.


ஜூலை 23, புதன்

ஆஸ்பத்திரியில் புது மெஷின் கொடுத்தார்கள். அட்டைப்பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் நயினார் பெட்டியில் இருந்த விளக்கத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். எந்தப் பொருள் வாங்கினாலும் அவர் முதலில் அதைத்தான் படிப்பார். குழாயின் படத்தைப் போட்டு, பக்கத்தில் தண்ணீர்க் குழாயைப் போட்டு, மேலே பெருக்கல் குறி போட்டிருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றேன்.

தாளை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தார்.

"பழைய மெஷின்ல இந்தத் தாளு இல்ல," என்றார். தாளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "வாடகை மெஷினுல்லா," என்றார்.

சாப்பிடவில்லை.


ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. காலையில் எழுந்தபோது அவர் இல்லை. பிள்ளையைப் பார்க்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். சிஸ்டரிடம் கேட்டால் வரவில்லை என்றார். போன் அணைந்திருந்தது. அத்தையிடம் கேட்டேன். "வருஷா வருஷம் சொரிமுத்தையன் கோவிலுக்குப் போவோம். இந்த வருஷம் வரலைன்னுட்டானே," என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதற்கெல்லாம் சரி அத்தை, சரி அத்தை என்றேன்.

பால் எடுத்தேன். வண்டியில் அனுப்பினேன். புதுக் குழாயில் எடுத்த பால். அதையும் அமுக்கச் சொல்லித்தான் அனுப்பினேன்.

மதியம் தாண்டி வந்தார். தலை மொட்டை. சட்டை ஈரம். குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் முழுகிவிட்டு வந்திருக்கிறார். பச்சைப் பிள்ளைக்கெல்லாம் திதி கிடையாது என்று அங்கே இருந்த ஐயர் சொன்னாராம். "மொட்டை மட்டும் அடிச்சுக்கிட்டேன்," என்றார்.

கட்டிலில் உட்கார்ந்தார். நான் துண்டு எடுத்துக் கொடுத்தேன். துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"நேத்து அந்தப் பல்கீஸ் பிள்ளைக்குப் போன் போட்டேன் சத்தி. குழாயப் பத்திக் கேட்டேன். அக்காதான் கழுவினாங்களாமேன்னு அது சொல்லுது." நிமிர்ந்து பார்த்தார். "ஏன் அப்படிச் சொன்ன?"

"அவ சட்டுனு கேட்டா. வாயில வந்திருச்சு," என்றேன்.

"வாய் வச்சு ஊதுனேனே. தூசி இருக்கக் கூடாதுன்னு வாய் வச்சுல்லா ஊதுனேன்." அவர் குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. "புள்ளைக்கு எமன் நானா சத்தி?"

"அவன் போன பெறவுதான் மெஷின் வந்துச்சு," என்றேன்.

"என்னது?"

"அவன் இருக்கும்போது கையால எடுத்துதான் குடுத்தாங்க. சிஸ்டர்தான் எடுத்தாங்க, கரண்டியில. அவன் போய் மறுநாள்தான் நீங்க மெஷின் கொண்டுவந்தீங்க. நீலப் பையில. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாடகைக்கு எடுத்தவர் அவர். எந்த நாள் என்று என்னைவிட அவருக்குத்தான் தெரியும். வெளியே ஒரு ஆட்டோ வெகுநேரம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றார் கடைசியில். "பெறவுதான்."

துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். நான் மொட்டைத் தலையைத் தொட்டேன். கத்தி பட்ட இடத்தில் சின்னக் கீறல் இருந்தது, மஞ்சள் தடவினேன்.

துண்டுக்குள்ளிருந்தே கேட்டார். "நீ மேல போறதில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே கேக்காம இருந்தேன். நம்ம ரெண்டு பேரும் ஒரு நாள் சேர்ந்து போவோமா?"

ம் என்றேன்.


ஜூலை 26, சனி

புதுக் குழாயில் எடுத்த பால் சுத்தமாக இருக்கிறது. அமுக்காத பாலின் தட்டும் வெறுமையாம். பல்கீஸ் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். "இனி அமுக்குற மெஷின் வேண்டாம். எடுத்த பாலை நேரடியாவே குடுக்கலாம்."

"வேண்டாம் டாக்டர்," என்றேன். "இன்னும் கொஞ்ச நாளு அமுக்கியே குடுங்க."

"சுத்தமான பாலை எதுக்கும்மா அமுக்கணும்?"

"இருக்கட்டும் டாக்டர். ஒரு வாரம். வண்டிச் செலவுக்கு வேணும்னா நாங்க..."

"வண்டிக்கு இல்லம்மா. அமுக்கினாலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். உயிரோட இருக்குற அணுக்கள் உன் பால்ல இருக்கு, அது அதுல பிழைக்காது. கிருமி இருந்தப்ப அது லாபம். இப்ப நஷ்டம்."

அழுதுவிட்டேன். வராந்தாவில் எல்லோரும் பார்த்தார்கள். அழுததுகூட எதற்கு என்று சரியாகத் தெரியவில்லை. மெஷினுக்குள் போய் வந்ததை எடுத்துக் கொடுப்பது வேறு. என்னிடமிருந்து நேராக எடுத்துக் கொடுப்பது வேறு. இதை டாக்டரிடம் சொல்லத் தெரியவில்லை. திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

பல்கீஸிடம் போனில் கேட்டேன், உன் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வாய் என்று. "எனக்குக் கல்யாணம் ஆகலைக்கா," என்றாள். பிறகு சொன்னாள்: "எனக்கு அந்தத் தட்டப் பத்தி மட்டும்தான் சொல்லத் தெரியும். தட்டுல ஒண்ணும் இல்ல."


ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். அம்மனுக்கு வளைகாப்பு என்று அத்தை கோவிலிலிருந்து வளையல் கொடுத்தனுப்பியிருந்தார். போட்டுக்கொண்டு போனேன். கை கழுவும் இடத்தில் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

இருவரையும் சேர்த்து விடுவதில்லை. சிஸ்டர் ஜெபராணி யாரிடமோ பேசி உள்ளே கூட்டிப்போனார். நேராக ஒரு பெட்டியின் முன்னால் நிறுத்தினார்.

இவ்வளவு சிறியவள் என்று நினைக்கவில்லை. படம் பார்த்திருந்தேன், படத்தில் அளவு தெரியாது. மூக்கில் குழாய். காலில் ஒயர். தலையில் எலிக்குஞ்சின் மயிர்போல் கொஞ்சம். கொட்டாவி விட்டாள். அவ்வளவு சின்ன வாயில் முழுக் கொட்டாவி. எனக்கு மார்பு கனத்து, ரவிக்கை நனைந்துவிட்டது.

"நெஞ்சோட சேத்து வச்சுக்கிட்டே பால் குடுப்போம். சூட்டுக்குச் சூடு. யாரு வச்சுக்கிடுதீங்க?" என்றார் சிஸ்டர்.

"அவங்க," என்றேன்.

நயினார் பின்னால் நகர்ந்தார். "எங்கையால வேண்டாம் சிஸ்டர்."

"கை எதுக்கு? நெஞ்சு போதும். சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டேன். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சிஸ்டர் ஒயர்களோடு அவளைத் தூக்கி அவர் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டு, மேலே துணியைக் கட்டினார். மொட்டைத் தலையும் சின்னத் தலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவர் இரண்டு கையையும் நாற்காலியின் விளிம்பில் பிடித்துக்கொண்டிருந்தார்.

காலையில் எடுத்த பால் பாட்டிலில் இருந்தது. எங்கும் போய்வராத பால். சிஸ்டர் பிஸ்டன் இல்லாத ஊசிக்குழலை அவள் மூக்குக் குழாயின் முனையில் பொருத்தி என் கையில் கொடுத்தார். "உயர்த்திப் பிடி. ஊத்து. அமுக்காத, தானா எறங்கும்."

"சிஸ்டர், அமுக்குன பால் ஒரு பை மிச்சம் இருக்குல்லா?"

"இருக்கு. அது வேணுமா?"

யோசித்தேன். இங்கே வந்து யோசிக்கக் கூடாது என்றுதான் வந்தேன், யோசித்தேன். நயினார் கண்ணை மூடியிருந்தார். அவள் விரல்கள் அவர் நெஞ்சு முடியைப் பிடித்திருந்தன.

ஊற்றினேன்.

பால் குழலில் நின்றது. இறங்கவே இல்லை. ஏதோ பிழை என்று நினைத்தேன். சிஸ்டரைக் கூப்பிட வாயெடுத்தேன். அப்போது அது அசைந்தது. கோட்டுக்குக் கோடு கீழே போயிற்று. கடைசியில் ஒரு சொட்டு குழாயின் வளைவில் நின்று, அதுவும் போயிற்று.

"எறங்கிருச்சு," என்றேன்.

அவர் முகம் சிவந்திருந்தது. சிஸ்டர்தான் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"அண்ணாச்சி, மூச்ச விடுங்க. நீங்க விட்டாத்தான அவளும் விடுவா."

விட்டார். நெஞ்சு ஏறி இறங்கியது. அவளும் அதோடு ஏறி இறங்கினாள்.